துலைக்கே, அம்மா?

வெளிக்கிட்டு நிற்கிற ஆளை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது என்று எனக்கு முதன்முதல் சொன்னது என் மாமி றோசலின், நான் கலியாணம் கட்டிப் பாஷையூருக்கு வந்த அந்தக் கிழமையே. என் அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படியால் இறங்குகிறார், புதுப் பெண்சாதிதானே, எங்கை போறியள் என்று ஆசையாய்க் கேட்க வாயெடுத்தேன், மாமி பின்னால் வந்து என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துப்போட்டா. "பிள்ளை, போற ஆளுக்கு முன்னாலை கேள்வியைத் தூக்கிப் போடாதை. போற காரியம் தடக்குப்படும். கேக்கத்தான் வேணுமெண்டால் துலைக்கே எண்டு கேள். தூரத்துக்கோ கிட்டவோ எண்டு சொல்லுவான். மிச்சம் அவனுக்கும் கடலுக்கும் உள்ள கதை." அன்றிலிருந்து துலைக்கே என்பதுதான் என் வாயில். கடைக்குப் போகிறவருக்கும் துலைக்கே, கப்பலேறப் போகிறவருக்கும் துலைக்கே. இதை ஏன் இப்போது உங்களுக்குச் சொல்லுகிறேன் சௌந்தரி அம்மா, சொல்லவும் இல்லை, மனதுக்குள்ளேதான், நீங்கள் உள்ளே நித்திரை, நான் விறாந்தையில் கதிரையைப் போட்டுக் காய்ந்த பெட்சீற்றுகளை மடித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் அறைக் கதவை ஒரு சாண் நீக்கி விட்டிருக்கிறேன் குறட்டை கேட்க வேண்டும் என்று. என்ன வடிவான குறட்டை. இழுக்கிறீர்கள், பிறகு ஒரு இடத்தில் நிற்கிறது, நிற்கிற இடத்தில் என் கையும் துணியோடு நின்றுவிடுகிறது, பிறகு நீங்கள் விட நானும் விடுகிறேன். ஆண்டவரே, உமக்கு நன்றி. இந்தச் சத்தத்துக்கு நன்றி.

பெட்சீற் மடிக்கிறதும் ஒரு செபம் மாதிரித்தான், மூலைக்கு மூலை, பிறகு பாதி, பிறகு அதில் பாதி, ஆனால் இந்தத் தீவில் துணி ஒருநாளும் மெத்தென்று மடியாது. நெடுந்தீவுக் கிணறு சவர், உப்புக் கரிக்கும். சவுக்காரம் நுரைக்காது, தேய்க்கத் தேய்க்க மா மாதிரித் திரளும், காய்ந்தால் துணி அப்பளம் போல நிற்கும், நல்ல தண்ணி எடுத்துக் கடைசியில் ஒருதரம் அலசினால்தான் படுக்கிற ஆளின் முதுகில் உறுத்தாது. மகள் டிலானி போனில் பேசுகிறாள், அம்மா, பேரப்பிள்ளையளோடை வீட்டிலை இராமல் ஏன் தீவிலை போய் ஆரோவின்ரை பெட்சீற்றைத் தோய்க்கிறாய். ஆரோவின்ரை எண்டாலும் தோய்ச்சால் வெளுக்குதுதானே பிள்ளை என்று சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு, பிறகு அழுகை. அவளுக்கு விளங்காது, குசினிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு அறை, அதற்கு ஒரு திறப்பு, திறப்பு என் இடுப்பில், சுவரில் அந்தோனியார், யன்னலால் காற்று வந்து மெழுகுதிரியை நூர்க்கும், நான் திரும்பக் கொளுத்துவேன், அந்தோனியார் திரும்ப நூர்க்க விடுவார். இந்த வயதில் இது பெரிய சுகம். இந்தக் கெஸ்ற்ஹவுஸ் குலேந்திரன் தம்பியுடையது. கட்டாரில் பெரிய கொட்டேலில் நின்று உழைத்த பொடியன். நான் வந்த முதல் நாளே கூப்பிட்டு இருத்திச் சொன்னார், அக்கா, சமையலிலை நான் தலையிடமாட்டன், தோய்க்கிறதிலை தலையிடமாட்டன், ஆனால் வாசலைத் தாண்டுற கெஸ்ற் எங்கை போறார், எப்ப வருவார், இந்த ரண்டும் நீங்கள் கேக்கோணும், இந்தத் தீவிலை பாதிக்கு மேலை போன் வேலை செய்யாது, வெயில் வேறை. ஓம் தம்பி என்றேன். ஓம் என்றுதான் சொன்னேன். ஓம் என்று சொல்லுகிற வாய் வேறு, கேட்கிற வாய் வேறாக இருக்கிறது, அதை அவருக்கு எப்படிச் சொல்ல. இவ்வளவு நாளும் வந்தவர்கள் வெள்ளைக்காரர், கொழும்புப் பிள்ளைகள், கேளாமலே சொல்லுவார்கள், படம் பிடிக்கப் போறம் ஆன்ரி, கோட்டை பாக்கப் போறம் ஆன்ரி. என் வாயைப் பிடித்து ஒருவரும் சோதிக்கவில்லை, நீங்கள் வருமட்டும்.

காலமை நான் கிணற்றடியில் பிழிந்துகொண்டு நின்றேன். நீங்கள் ஆம்பிளைத் தொப்பியும் வெள்ளைச் சப்பாத்துமாய், துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தீர்கள். நோர்வேயில் தாதியாய் இருந்து இளைப்பாறின மனிசி, பருத்தித்துறையில் பிறந்தது, புருசன் இல்லை, பிள்ளைகள் தங்கள் பாட்டில், தனியத்தான் வந்திருக்கிறா, இவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதுவும் நீங்களாய்ச் சொன்னது. துலைக்கே அம்மா என்று கேட்டேன். நீங்கள் அப்படியே நின்று, தொப்பியைக் கழற்றி, ஐயோ மெற்றில்டா, இந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம், எங்கடை அம்மா கேக்கிற மாதிரியே கேக்கிறாய் என்று சொல்லி என் ஈரக்கையைப் பிடித்தீர்கள். பிறகு, இல்லையப்பா, சும்மா ஒரு நடை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது அம்மா. எந்தப் பக்கம் என்று கேட்டால் போதும், எங்கை என்றுகூடக் கேட்கத் தேவையில்லை, ஆனால் மாமி எங்கிருந்தோ வந்து என் சீலைத் தலைப்பை இழுத்தமாதிரி, நான் விழுங்கிவிட்டேன், புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன், போட்டு வாங்கோ என்றேன். வந்து சாப்பிடுறன் என்று போய்விட்டீர்கள். கைகாட்டினீர்கள். நானும் காட்டினேன், கையில் உங்கள் தலையணை உறை. அதற்குப் பிறகு உங்கள் அறையைக் கூட்டப் போனால் மேசையில் குளிசைத் தகடு, அதில் ஒரு குழி புதிதாய் உடைந்திருக்கிறது, பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர். சீனி வருத்தக் குளிசையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நடக்கப் போயிருக்கிறீர்கள். என் அவர் கடைசிக் காலத்தில் அந்தக் குளிசை குடித்தவர், போட்டுவிட்டுச் சாப்பிடச் சுணங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், ஒருநாள் வலைக்குமேலேயே சரிந்துபோனார். விளக்குமாறு கையில் இருக்க ஓடிப் படலைக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒழுங்கை முழுக்கக் கல்வேலி, கல்வேலிக்கு மேல் வெயில். தொப்பி இல்லை.

மத்தியானம் குலேந்திரன் தம்பி இறங்குதுறையில் இருந்து மரக்கறிச் சாக்கோடு வந்தார். நான் மேசையில் திருக்கைக் கறியை மூடி வைத்துவிட்டு மூடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த அம்மா எங்கை அக்கா. வெளிக்கிட்டுப் போட்டா தம்பி. எங்கை. சும்மா ஒரு நடை எண்டவ. சாக்கை அப்படியே கீழே வைத்தார். "அக்கா, அவ நோர்வேக்காரி! அங்கை சும்மா ஒரு நடை எண்டால் ஒரு மலை ஏறி இறங்கிறது. எந்தப் பக்கம் போனவ?" எனக்குத் தெரியாது. "கேக்கேல்லையோ?" துலைக்கே எண்டு கேட்டனான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், பயம் இருந்தது. குளிசைக் கதையைச் சொன்னேன், அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார், ஓட்டோக்காரச் சூசையை மற்றப் பக்கம் அனுப்பினார், பெருக்கமரத்தடி, கோட்டை, கடற்கரை என்று ஆளுக்கொரு திசை, எனக்கு மட்டும் திசை இல்லை, நான் வீட்டில் நிற்க வேணும், நீங்கள் திரும்பி வந்தால் ஆள் வேணுமே. பொறுமையாய் இருக்கிறது எனக்குப் பழக்கம் அம்மா, கடற்கரையில் வாழ்ந்த பெண்ணுக்கு அது படிப்பு மாதிரி, ஆனால் அது கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பொறுமை, வள்ளம் எந்தத் திக்கால் வரும் என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே எந்தத் திக்கைப் பார்க்க. படலையைப் பார்த்தால் பின்பக்கத்தால் வருவீர்களோ என்று இருக்கும், பின்பக்கம் போனால் படலை கிரீச்சென்ற மாதிரி இருக்கும்.

செபமாலையை எடுத்தேன், அருள் நிறைந்த மரியாயே, அது அந்த இடத்திலேயே நிற்கிறது, பாதியில் குளிசைத் தகடு வந்து நிற்கிறது, திரும்பத் தொடங்கினால் திருக்கைக் கறி, ஆறிப்போனால் வெடுக்கு வரும், என்ன மனிசி நான், ஒரு உயிர் வெயிலில் கிடக்கக் கறியை நினைக்கிறேன், மன்னியும், அருள் நிறைந்த மரியாயே. கடைசியில் மாதாவை விட்டு அந்தோனியாரிடம் போனேன். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அவர்தானே, எங்கள் பாஷையூர்க் கோயிலுக்குச் சொந்தக்காரர். அவரிடம் நான் எத்தனையைக் கேட்டிருக்கிறேன், திறப்பு, தோடு, ஒருதரம் ஆடு. ஒருதரம் என் மகன் நியூட்டனை. அவன் போனதும் இப்படித்தான். ஒரு விடியற்காலை தோளில் பையோடு வாசலில் நின்று, அம்மா, ஒருக்கா வெளியிலை போட்டு வாறன் என்றான். சப்பாத்து புதுசு, முகம் சவரம் செய்திருந்தது, பெற்ற வயிறுக்குத் தெரியாதா அது ஒருக்கா போய்வருகிற முகம் இல்லை என்று. துலைக்கே மோனை என்றேன். ஓம் அம்மா, கொஞ்சம் துலைக்குத்தான் என்றான். போட்டு வா ராசா. அவ்வளவுதான். கோழிக்குத் தீன் போட்டேன். பிறகு மாதக்கணக்காய் ஒரு சத்தம் இல்லை, வந்து விசாரிக்கிற சனம் எல்லாம் கேட்கும், எந்த வள்ளம், எந்தக் கரை, ஆரோடை போனவன், நான் அந்தோனியாரின் காலடியில் போய் இருந்துவிடுவேன். பிறகு ஒருநாள் போன் வந்தது, அவுஸ்திரேலியாப் பக்கம், உயிரோடு, தொண்டை கட்டின குரல். அழுது முடிய அவன் கேட்டது என்ன தெரியுமா அம்மா, ஏனம்மா நீ ஒண்டும் கேக்கேல்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நான் சொன்னேன், கேட்டிருந்தால் போன காரியம் தடக்குப்பட்டிருக்கும் மோனை, கேளாத படியால்தானே போய்ச் சேர்ந்தாய். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது அவனுக்கு அங்கே கலியாணமாகி ஒரு பெண்பிள்ளை. ஆனால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன் என்றது இருக்கிறதே, அது தொண்டையில் சிக்கின முள் மாதிரி, சோற்றுருண்டை விழுங்கினாலும் இறங்காது, சில நாள் அங்கே இருக்கிறதே தெரியாது, இன்றைக்கு மத்தியானம் விழுங்கின ஒவ்வொரு முறையும் குத்தினது. ஒரு பிள்ளை கேள்விக்காக வாசலில் நின்றிருக்கிறான். நீங்களும் காலமை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றீர்கள்தானே. இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. அந்தோனியாரே, இந்த மனிசியை மட்டும் காட்டித் தாரும், கோயிலில் வந்து முழங்காலில் நிற்பேன், முழங்கால் சரியில்லைதான், ஆனாலும் நிற்பேன்.

ஓட்டோச் சத்தம் கேட்டது. சூசையின் ஓட்டோ இருமிக்கொண்டுதான் வரும். அதற்குள்ளே இருந்து சிரிப்பு, உங்கள் சிரிப்பு, ஓட்டோ நிற்கமுதலே, மெற்றில்டா, புட்டு வைச்சிருக்கிறியோ என்று. நான் ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடித்துவிட்டேன், கெஸ்ற் என்ற மரியாதையும் இல்லாமல், உங்களில் பனங்கட்டி மணந்தது, கொஞ்சம் குதிரையும் மணந்தது. பிறகு கதை துண்டு துண்டாய் வந்தது. நடந்துபோகத் தெற்குப் பக்க வெட்டை வெளியில் குதிரைக் கூட்டம், அதில் ஒரு குட்டி, அதன் பின்னாலேயே போயிருக்கிறீர்கள். கை நடுங்கத் தொடங்கினதும் இது சீனி இறங்குது என்று தாதிக்குத் தெரிந்திருக்கிறது, பையில் கையை விட்டால், அதற்கென்று வைத்திருந்த இனிப்பு, ரொபி, ஒன்றும் இல்லை. "ரொபி எல்லாத்தையும் குட்டிக்குக் குடுத்திட்டன் மெற்றில்டா. அது ருசி பிடிச்சுத் திரும்பத் திரும்ப வருது, நான் என்ன செய்ய?" கல்வேலி நிழலில் இருந்துவிட்டீர்கள். பவளம் என்று ஒரு மனிசி, தண்ணிக்குப் போன இடத்தில் கண்டு, ஒரு கேள்வி கேட்கவில்லை, கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பனங்கட்டியோடு தேத்தண்ணி, மேலே ஒரு கோப்பை கூழ், பிறகு பாயை விரித்துப் படுங்கோ என்றிருக்கிறா. நீங்களும் படுத்துவிட்டீர்கள். குலேந்திரன் தம்பி வேலிக்கு வேலி விசாரித்துக்கொண்டு அந்தப் படலைக்குப் போனபோது அந்த மனிசி உங்களுக்கு விசிறிக்கொண்டிருந்ததாம். ஏனக்கா ஆர் எவர் எண்டு கேட்டு எங்களுக்கு அறிவிக்கேல்லை என்று இவர் கத்த, அந்த மனிசி, களைச்சு வந்த ஆளை ஆர் எவர் எண்டு எப்பிடித் தம்பி கேக்கிறது, எழும்பிச் சாப்பிட்ட பிறகு தானாய்ச் சொல்லுவாதானே என்றாவாம். ஓட்டோவுக்குப் பின்னால் வந்த தம்பி முற்றத்தில் நின்று இரண்டு கையையும் தலையில் வைத்தார். "இந்தத் தீவிலை ஒருத்தரும் ஒருத்தரையும் ஒண்டும் கேக்கமாட்டியளோ! ஒராள் போகேக்கை கேக்கேல்லை, ஒராள் வரேக்கை கேக்கேல்லை, நடுவிலை நான் பெற்றோல் எரிச்சுக்கொண்டு திரியிறன்!" சூசை ஓட்டோவுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். நீங்கள் சொன்னீர்கள், அவவை ஏசாதையும் தம்பி, கேட்டிருந்தால் நான் சீனி வருத்தக்காரி எண்டு சொல்லியிருப்பன், அவ பயந்து வெறுந்தேத்தண்ணி தந்திருப்பா, கேளாமல் தந்த பனங்கட்டிதான் என்னை எழுப்பினது. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கிறேன் என்றுதான் நினைத்தேன், கன்னத்தைத் தொட்டால் ஈரம்.

குறட்டை நிற்கிறது. இல்லை, வருகிறது. பெட்சீற் முடிந்து தலையணை உறைக்கு வந்துவிட்டேன். கேளாததால்தான் நீங்கள் தொலைந்தீர்கள், கேளாததால்தான் தப்பினீர்கள், நான் இதை எந்தப் பக்கம் மடிக்கிறது. தம்பி போகமுதல் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு மெல்லமாய்த்தான் சொன்னார். "அக்கா, உங்களிலை எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அவ நாளைக்கும் வெளிக்கிடுவா. அந்தக் கேள்வியை நீங்கள் கேப்பியளோ, கேக்க ஏலாதோ? ஏலாதெண்டால் ஒளிக்காமல் சொல்லுங்கோ, நான் வேறை ஆளைப் பாக்கோணும். துறைக்குப் போட்டு வாறன், வந்து கேக்கிறன்." நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் வேறு ஆள் என்றால், அந்த அறை, இந்தத் திறப்பு, டிலானி வீட்டு மூலையில் மடக்குக் கட்டில், மருமகன் நல்லவர், ஆனாலும் நான் இருமினால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார். கேட்டுப் பழகலாம் என்று நினைத்தேன். ஆளில்லாத இடத்தில் சொல்லிப் பார்த்தால் வாய் வருமோ என்று. முற்றத்தில் ஒரு காகம் நின்றது, அதைப் பார்த்து, எங்கை போறாய் என்றேன். அது பறந்துபோனது. பாவம் அது, எந்தக் காரியத்துக்கு வெளிக்கிட்டதோ, உடனே அது போன பக்கமாய்ச் சிலுவை போட்டேன். ஒரு காகத்துக்கே இவ்வளவென்றால், நாளைக்குத் தொப்பியோடு வாசலில் நிற்கிற உங்களிடம் எப்படி. சொல்லில் விசம் இல்லை என்று தெரிகிறது அம்மா, தம்பி கட்டாரில் எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டிருப்பார், எல்லாரும் திரும்பி வந்துதானே காசு கட்டினார்கள். தெரிந்தாலும் வாய் கேட்காது. மாமியை நான் பயத்தில் நம்பவில்லை, அவ என் பிள்ளைப்பேற்றுக்கு எண்ணெய் தேய்த்த கை, அவ இழுத்த இழுவையை எப்படி விட. நல்லவர் சொன்னதை நல்லவருக்காகக் கைவிட வேண்டியிருக்கிறது, இதுதான் கஷ்டம், கெட்டவர் யாராவது இதில் இருந்திருந்தால் லேசாக இருக்கும்.

கட்டில் கிறீச்சிடுகிறது. சப்பாத்தைத் தேடுகிற சத்தம். மெற்றில்டா, இருக்கிறியோ. இருக்கிறன் அம்மா. எழும்பி உள்ளே போகிறேன், பின்னேர வெயில் உங்கள் காலடியில் விழுந்து கிடக்கிறது, தலைமயிர் ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது, கன்னத்தில் தலையணைக் கோடு, எவ்வளவு உயிரோடு இருக்கிறீர்கள். தேத்தண்ணி கேட்கிறீர்கள், சீனி இல்லாமல் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறீர்கள். கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறேன், நீங்கள் தாதி, நான் உங்களைத் தொட்டுப் பார்க்கிறேன், நீங்கள் விட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். பிறகு யன்னலைப் பார்த்து, நாளைக்கு வெள்ளன வெளிக்கிட வேணும், இண்டைக்கு மாதிரி வெயில் ஏற விடக்கூடாது என்கிறீர்கள், என்னிடம் இல்லை, உங்களிடமே. எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. வெளியே தம்பியின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் திரும்புகிறது, அவருக்கு நான் பதில் சொல்ல வேணும். மாமி இழுத்தால் இழுக்கட்டும், இது கேள்வி இல்லை, கேட்டுக்கொள்கிறது. கட்டில் விளிம்பில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லுகிறேன்:

"அம்மா, நாளைக்கு வெளிக்கிடேக்கை என்னாலை கேக்க ஏலாது. நான் கேளாமலே, எந்தப் பக்கம் எண்டு நீங்களாய் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோ."